ஆவரசு இரண்டாம் மாரியில்தான் பூக்கும்

சாந்தி,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. வாசித்தேன். கோபம் ஆறட்டும் என்று வைத்துவிட்டு மறுபடி எடுத்து வாசித்தேன். கூடியதே தவிர ஆறவில்லை. மாப்பிள்ளையின் இருமலை எழுதியிருக்கிறாய், கடல் கொந்தளிப்பை எழுதியிருக்கிறாய், எல்லாம் எழுதி முடித்துக் கடைசியில் ஒரு வரி: "நீங்கள் தந்த ஆவரசு ஒரு வருசமாய் இலையும் தடியுமாய் நிக்குது, ஒரு பூவும் இல்லை, மாமி புடுங்கி எறியச் சொல்லுறா, எனக்கும் அதுதான் சரி எண்டு படுது." அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு வரியில் எழுத வரவில்லை. உன் மாமிக்குத் தெரியாவிட்டால் அது நியாயம். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர், வேலியில் நிற்கும் பற்றையைப் பற்றி அவருக்கு என்ன கவலை. உனக்குமா தெரியாது? ஆவரசு முதல் வருடம் பூக்காது என்பதைத் தண்ணீர் வாளியோடு நின்று தெரிந்துகொண்டவள் நீ. எல்லாவற்றையும் மறந்துவிட்டாயா, இல்லை மறந்ததுபோல இருந்தால் வீட்டில் சண்டை வராது என்று நினைக்கிறாயா? எதுவாக இருந்தாலும் சரி, நான் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு ஸ்கந்தபுரத்துக்கு வந்தபோது உனக்கு ஒன்பது வயது. எங்களுக்குக் கிடைத்தது வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுக்காணி. மழையிலும் பனியிலும் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வெயில் பிடிபடவே இல்லை. காலையில் கழுவிப் போட்ட பாத்திரம் மத்தியானம் கையைச் சுட்டது. காட்டைத் தள்ளி எடுத்த நிலம், ஒரு நிழல் கிடையாது. சுற்றி எல்லோரும் மிளகாய் போட்டிருந்தார்கள். நாங்கள் முதலில் போட்டது பூசணி. கொடி ஓடியது, வீட்டுக்கூரை வரைக்கும் ஏறியது, காலையில் பார்த்தால் பூவாய்க் கிடக்கும். பிஞ்சு மட்டும் பிடிக்காது. பிடித்த ஒன்றிரண்டும் விரல் அளவு வந்து அழுகி விழும். பக்கத்துக் காணி நடராசா அண்ணையுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர், நல்ல மனிதர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தேனி இல்லைத் தங்கச்சி. காட்டைத் தள்ளினாப் பிறகு அதுகள் எங்கை இருக்கிறது? இருக்கிறதுகளையும் நாங்கள் மருந்தடிச்சுக் கொல்லுறம்." சொல்லிவிட்டு மருந்து அடிக்கிற மெசினை முதுகில் மாட்டிக்கொண்டு தன் மிளகாய்க்குப் போனார். தெரிந்துகொண்டே செய்கிற மனிதர்களோடு என்ன பேசுவது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அந்தக் காலத்தில்தான் உன் அப்பாவுக்கு உடம்பெல்லாம் சொறி வந்து உருத்திரபுரத்துப் பரியாரியாரிடம் போனோம். அவர் குளிப்பதற்கு ஆவரசம்பூ, நம் ஆட்கள் ஆவாரம்பூ என்பார்களே, அது கலந்த மாவு தந்தார். தரும்போதே குறைப்பட்டார். "முந்திக் காட்டுக்கரையிலை போய்ப் புடுங்கிக்கொண்டு வரலாம். இப்ப எல்லாம் தோட்டமாப் போச்சுது. ஆராவது நல்லாக் காயவைச்சுக் கொண்டுவந்து தந்தால் நான் எடுப்பன். அவிச்சுக் குடிக்கிற குடிநீருக்கும் வேணும், குளிப்புக்கும் வேணும்." வரும் வழியெல்லாம் நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆவரசு பூத்தால் வண்டும் தேனியும் வரும் என்பது எனக்குத் தெரியும். பூவைக் காயவைத்தால் பரியாரியார் எடுப்பார். வந்த தேனி பூசணிக்கும் போகும். வேலிக்கு வேலியும் ஆயிற்று. இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் தெரிந்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

குளக்கட்டில் நின்ற சில பற்றைகளில் நீயும் நானும் போய்க் காய்ந்த நெற்றுப் பொறுக்கினோம். நீ பாவாடை நிறைய எடுத்து வந்தாய். முதல் மழைக்கு ரோட்டுக்கரை வேலி நெடுக ஊன்றினோம். ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடி கிளறிவிட்டு ஊன்றினோம். புல்லு முளைத்தது, தொட்டாற்சிணுங்கி முளைத்தது, நாம் ஊன்றியது முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் விதை போட்டபடியே கல் மாதிரிக் கிடந்தது, மழையில் நனைந்த அடையாளம்கூட இல்லை. கோபத்தில் மிச்ச விதையைக் குசினிக்குப் பின்பக்கம் வீசினேன். நெல் அவித்த தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க நான் ஊற்றுகிற இடம் அது. அடுத்த கிழமை அந்த இடத்தில் மட்டும் பச்சையாய் நிற்கிறது. நீதான் முதலில் கண்டு ஓடிவந்து சொன்னாய். அந்த மாரி முழுவதும் சுடுதண்ணீரில் போட்டு ஊறவைத்து, ஊதிப் பெருத்த விதையாகப் பார்த்து நட்டோம். கொதிக்கிற தண்ணீரில் அதிக நேரம் விட்டுவிட்டு ஒரு சிரட்டை விதையை அவித்துக் கெடுத்ததும் உண்டு.

முளைத்ததோடு கஷ்டம் முடிந்தது என்று நினைத்தேன். மாரி முடிந்து வெயில் வந்தது. சோழகக் காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் போட்டது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. செடி முழங்கால் உயரம் நின்றது, இலையும் தடியுமாய், நீ எழுதியிருக்கிறாயே அதே மாதிரி. உன் அப்பா ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து சைக்கிளைச் சாத்தும்போது அதைப் பார்த்து ஏதாவது சொல்வார். "ஏ புள்ள, பூக்காத செடிக்கு ஊத்துற தண்ணிய கத்தரிக்கு ஊத்துனா கறிக்காவது ஆகும்ல." நான் ஊற்றிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் நீயும் வாளியைக் கீழே போட்டாய். "என்னாலை ஏலாதம்மா. இது பூக்காது. பள்ளிக்கூடத்திலை எல்லாரும் சிரிக்கினம், தோட்டக்காட்டார் காட்டுப் பத்தைக்குத் தண்ணி ஊத்துகினம் எண்டு." நீ பேசியதில் எது என்னைச் சுட்டது என்று உனக்குத் தெரியாது. அவர்கள் சொன்ன பெயர் இல்லை, அது காதுக்குப் பழகிவிட்டது. நீ அவர்களுடைய பேச்சிலேயே அதைச் சொன்னதுதான் சுட்டது. வந்து இரண்டு வருடத்தில் உன் வாயில் "ஆமா" போய் "ஓம்" வந்திருந்தது. நான் வாளியை எடுத்து நானே ஊற்றினேன்.

அடுத்த மாரி நன்றாகப் பெய்தது. செடி என் தோளுக்கு வந்தது. மார்கழியில் கொப்பு நுனியெல்லாம் மொட்டுக் கட்டியது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, கண்பட்டுவிடும் என்று. கண்படுவதற்கு முன் புழு வந்தது. பச்சைப் புழு, இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் செடியே அசைகிற மாதிரி இருக்கும். இரண்டு நாளில் பாதி இலை இல்லை. நான் உருத்திரபுரத்தில் வயலில் களை பிடுங்கப் போய்விட்டுப் பொழுதுபட வருகிறேன், உன் அப்பா நடராசா அண்ணையின் மெசினை முதுகில் மாட்டிக்கொண்டு வேலியில் நிற்கிறார். வாசல் படலையிலிருந்து வேலியின் நடுவரைக்கும் அடித்தாயிற்று.

"என்னங்க பண்றீங்க?"

"பாத்தா தெரியலயா? ஒரு வருசமா நீ ஊத்துன தண்ணிய புழு திங்குது. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"இது குடிக்கிற பூவுங்க. சனங்க அவிச்சுக் குடிக்கப் போறாங்க."

"பூத்தாத்தானே குடிக்கிறது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு வருடமாய்க் கேலி செய்த மனிதர், செடிக்கு ஒன்று என்றதும் தாங்கமாட்டாமல் நடராசா அண்ணையிடம் கெஞ்சி மெசின் வாங்கி வந்திருக்கிறார். செய்த நல்ல காரியமும் எனக்கு உபத்திரவமாகவே வந்து முடிந்தது. நான் மிச்சப் பாதிக்கு முன்னால் போய் நின்றேன். நகரவில்லை. அவர் மெசினை இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மருந்து அடித்த பாதி தையில் பூத்தது. அப்படி ஒரு மஞ்சள் அந்த ரோட்டில் அதற்கு முன் யாரும் கண்டிருக்கமாட்டார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். உன் அப்பா படலையில் நின்று தலையைத் தலையை ஆட்டினார். மொட்டு விரிகிறபோது மறுபடி புழு வரக்கூடாது என்று நான் இல்லாத நேரம் இன்னொரு தரமும் அடித்திருந்தார். பூவுக்குக் கீழே கருவண்டும் தேனியும் செத்துக் கிடந்தன. நான் கூட்டினேன். எந்தத் தேனிக்காக இவ்வளவும் செய்தேனோ அதைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளினேன். அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் பூவைப் பறித்துப் பாயில் காயப்போட்டார். காய்ந்ததும் சாக்கில் கட்டி, ஒரு சனிக்கிழமை உன்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு பரியாரியார் வீட்டுக்குப் போனார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

அங்கே நடந்ததை நீ பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். பரியாரியார் சாக்கை அவிழ்த்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாராம். நல்ல நிறம் என்றாராம். பிறகு, "மருந்து கிருந்து அடிக்கேல்லைத்தானே?" என்று கேட்டாராம். உன் அப்பா, "இல்லீங்க ஐயா" என்றாராம். பரியாரியார் உன்னைப் பார்த்து, "ஓமோ பிள்ளை?" என்று சும்மா கேட்டாராம். நீ சொன்னாய்: "இல்லை ஐயா. அப்பா அடிச்சவர். இரண்டு தரம் அடிச்சவர்."

போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தீர்கள். நீ அழுதுகொண்டு வந்தாய், அவர் அடித்ததால் இல்லை, வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வந்ததால். அவர் சாக்கை முற்றத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எம்புள்ளையே என்னையக் கள்ளனாக்கிட்டா." நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துப்போய்ப் பின்பக்கம் குழி வெட்டிச் சாக்கைக் கவிழ்த்து மூடினேன். ஒரு வருடத்துத் தண்ணீர், ஒரு வருடத்துக் கேலி, எல்லாம் அந்தக் குழியில் போயிற்று. ஆனால் உன்மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபம் இருக்கவில்லை. வாளியைக் கீழே போட்ட பிள்ளை, சொல்ல வேண்டிய இடத்தில் பெற்ற தகப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டதே என்று இருந்தது. அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு மாமி சொன்னதற்கெல்லாம் "அதுதான் சரி எண்டு படுது" என்று எனக்குக் கடிதம் எழுதுகிறது. செடியைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை, சாந்தி. பூக்கும், பொறுங்கோ மாமி என்று ஒரு சொல் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? அவர் உன்னைத் தின்றுவிடவா போகிறார்? இன்றைக்குச் செடி. நாளைக்கு வேறு ஏதாவது உனக்குச் சரியில்லை என்று படும்போது அதையும் இப்படித்தான் விழுங்குவாயா?

நான் மறித்து நின்ற மற்றப் பாதியில் ஒரு இலை மிஞ்சவில்லை. ஈர்க்கு மாதிரி நின்றது. கொப்புகளில் பச்சையாய்க் கூடு தொங்கியது. உன் அப்பா என்னோடு பேசாமல் இருந்த நாட்கள் அவை. ஒரு காலை முகம் கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் வேலியடியில் குந்தியிருக்கிறார். இலையில்லாத அந்தக் கொப்பெல்லாம் வண்ணத்துப்பூச்சி. வெள்ளையும் இளமஞ்சளுமாய், செட்டை காயவிட்டுக்கொண்டு, அப்போதுதான் பிறந்து இருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாய்க் கிளம்பின. தோட்டத்தில் இருந்த காலத்தில் மாசி பங்குனியில் இவை கூட்டம் கூட்டமாய்த் தேயிலைக்கு மேலாகப் போகும். சிவனொளிபாத மலைக்குப் போகின்றன, போய்க் கும்பிட்டுவிட்டுச் செத்துப் போகும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். கொழுந்துக் கூடையோடு நின்று பார்ப்போம். எங்கிருந்து வருகின்றன என்று ஒருவருக்கும் தெரியாது. உன் அப்பா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "இதுங்கதான் அங்க வந்ததுங்களா?"

"தெரியல. இருக்கும்."

"நம்மள அடிச்சுத் தொரத்துன எடத்துக்கு இதுங்க பாட்டுக்குப் போகுதுங்க" என்றார். அன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போனார். அதற்குப் பிறகு அவர் மெசின் கேட்டு நடராசா அண்ணை வீட்டுக்குப் போகவில்லை.

அந்த ஈர்க்குத் தடிகள் மாசி மழைக்குத் துளிர்த்துப் பங்குனியில் பூத்தன. கொஞ்சம்தான். தேனி வந்தது. நான் அவசரப்பட்டு வெயிலில் காயப்போட்டு முதல் பறிப்பைக் கருக்கினேன். பரியாரியார் திருப்பி அனுப்பினார். பிறகு நிழலில் பாய் போட்டு, காலையும் மாலையும் புரட்டி, சருகு மாதிரிச் சத்தம் வரும் வரைக்கும் வைத்துக் கொடுத்தேன். அதைக் கொண்டு போனதும் உன் அப்பாதான், தனியாக. பரியாரியார் மணந்து பார்த்து எடுத்து வைத்தாராம். ஒன்றும் கேட்கவில்லையாம். அடுத்த போகம் பூசணி காய்த்தது. ஊரே மெச்சும்படி ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகச் சந்தைக்குக் கொஞ்சம். நீ சமைந்த சடங்குக்கு அந்தக் காயில்தான் கறி வைத்தோம்.

உன் தோட்டத்துக்கும் புழு வரும். மருந்து அடிக்காதே, அடிக்க விடாதே. தின்றுவிட்டுப் போகும். செடி சாகாது. இந்த மாரி முடிய மொட்டுக் கட்டும். உங்கள் மணலும் உப்புக் காற்றும் அதற்கு எப்படியோ எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லவில்லை.

இனி உனக்கு எழுதாத ஒன்று. தபாலில் போடுகிற கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று பேச்சு, அதனால் எழுதவில்லை. எழுதினால் நீ வேலியைப் பார்க்க ஓடி வருவாய் என்ற பயமும் இருந்தது. போன சித்திரையில் துவக்கோடு வந்த ஆமிக்காரர்கள் ரோட்டுக்கரைப் பற்றை எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார்கள். மறைவு இருக்கக்கூடாதாம். உன் அப்பா, இது பற்றை இல்லை ஐயா, மருந்துப் பூ என்று சொல்லிப் பார்த்தார். அவர்களுக்கு விளங்கவில்லை, விளங்கினாலும் கேட்டிருக்கமாட்டார்கள். அவரையே வெட்டச் சொன்னார்கள். பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அடிக்கட்டை தளிர்த்துவிடும் என்று வேரோடு கிளப்பிக் குவித்து எரிக்க வைத்தார்கள். நெற்று அப்போது பச்சை, விதைக்கு உதவாது. போத்தலில் வைத்திருந்த விதையை, சண்டைக்குப் பயந்து நாங்கள் ஊரோடு கோயிலில் போய் இருந்த நாட்களில் யாரோ போத்தலுக்காக நிலத்தில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கோழி பொறுக்கிவிட்டது. குளக்கட்டுப் பக்கமோ காட்டுக்கரைக்கோ இப்போது யாரும் போவதில்லை. உன் கல்யாணத்துக்கு நான் துணியில் முடிந்து தந்தது மட்டும்தான் அதில் மிஞ்சியது.

இதைச் சொல்லி உன்னைக் கெஞ்சுவதற்கு எனக்கு விருப்பமில்லை. கெஞ்சாமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் ஏசி எழுதினேன் போலிருக்கிறது. உன் வீடு, உன் வளவு.

இந்தக் கடிதத்தை உன் அப்பா கையில் கொண்டு வருகிறார். நீ எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மாட்டைக் கட்டிவிட்டு வந்து, "என்ன ஒசரம் இருக்குமாம்?" என்று கேட்டார். நீ எழுதவில்லை என்றேன். அடுத்த நாள் பார்த்தால் வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறார். பரந்தனில் மாறி பஸ் பிடிக்க வேண்டும், வழியில் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றுவார்களோ, இந்த நேரத்தில் போகாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். என் பேச்சை அவர் எந்தக் காலத்தில் கேட்டார். வந்ததும் முதலில் சாப்பாடு கொடு. உன் மாமியோடு வாய் கொடுக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன், நீயும் கொஞ்சம் பார்த்துக்கொள். பிறகு பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டு. அவர் அதன் பக்கத்தில் குந்தினால் எழுப்பாதே.

ஏற்கெனவே பிடுங்கியிருந்தால், பிடுங்கினேன் என்று அவரிடம் சொல்லாதே. மாடு தின்றுவிட்டது என்று சொல்லு. மாடு ஆவரசில் வாய் வைக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நம்பிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

அம்மா